பேராசிரியர் கெர்மெலின் பூஜ்யம்

1975 மே 5, திங்கள்

இயக்குநர் தெலாந்த் இன்று என் அறைக்கு நேரில் வந்தார். பன்னிரண்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை வழி தவறி வந்தார்.

பேராசிரியர் லெயோன் கெர்மெல் ஜூன் 27 அன்று ஓய்வு பெறுகிறார். அவருடைய வாழ்வையும் பணியையும் பற்றி ஆய்வகம் முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு மலர் வெளியிடுகிறது. முப்பத்தோராம் பக்கத்துக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு எண் வேண்டுமாம்: இங்கே வேலை செய்த காலம் முழுவதும் பேராசிரியர் உடம்பில் பட்ட கதிர்வீச்சு மொத்தம் எவ்வளவு? "குறைவாகத்தான் இருக்கும், இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சரியான வழியில் திரும்பிப் போனார்.

நோட்டு புதிது. எழுதுகிறவன் யார் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிடுவது முறை. நான் சவரிராயன். புதுச்சேரியில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தவன். பாரிஸுக்குத் தெற்கே மேட்டின் மேல் இருக்கும் இந்த அணு ஆய்வகத்திலும் ஃபிலிம்தான் கழுவுகிறேன். இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் தீப்பெட்டி அளவு வில்லை ஒன்றை மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் கறுக்கும். மாதக் கடைசியில் கழுவி, கறுப்பை அளந்து, அவரவர் அட்டையில் எழுதுவேன். அளவு மிஞ்சினால் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்கள். ஆகவே எல்லோரும் என்னிடம் மரியாதையாக இருக்கிறார்கள். சாப்பிட மட்டும் பக்கத்தில் உட்காருவதில்லை.

ஃபிலிம் வெறும் கறுப்பை மட்டும் சொல்வதில்லை. யார் சட்டையோடு சேர்த்துத் துவைத்தார், யார் காரில் வெயிலில் போட்டார், யார் வீட்டு நாய் கடித்தது எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது இந்தத் தொழிலின் பண்பாடு.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் தமிழ் தெரிந்த இன்னொருவர் பேராசிரியர் கெர்மெல் மட்டுமே. அவருக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

மே 6, செவ்வாய்

சந்தையில் கொத்தமல்லி இல்லை. 212 ஃபிலிம் கழுவினேன்.

மே 9, வெள்ளி

மலரின் கைப்பிரதியை எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள், முப்பத்தோராம் பக்கம் எதற்கிடையில் வருகிறது என்று நான் புரிந்துகொள்வதற்காக. படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஓய்வு பெறும்போதுதான் அவர் எவ்வளவு நல்லவர் என்பது நிர்வாகத்துக்குத் தெரியவருகிறது.

1912இல் காரைக்காலில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மருத்துவர். பதினோரு வயதில் கப்பலேறினார். பிறகு பெரிய பள்ளி, பெரிய பட்டம், போர், சிறை, விடுதலை, ஆய்வகம். மலர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: அவருடைய தமிழ் அந்தப் பதினோரு வயதோடு நின்றுவிட்டது. அதுவும் துறைமுகத்துப் பையன்களிடம் கற்ற தமிழ். 'நீங்கள்' என்ற சொல் அதில் கிடையாது. 1963இல் என்னை வேலைக்கு எடுக்க நேர்காணல் நடந்தது. ஐந்து கனவான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நடுவிலிருந்தவர் முகம் மலர்ந்து, "டேய், நண்டு புடிக்கத் தெரியுமாடா ஒனக்கு?" என்றார். தெரியும் என்றேன். அன்றே வேலை கிடைத்தது.

அவருடைய புகழ் பதினோரு அணுக்கருக்கள். இதற்கு முன் யாரும் பார்க்காதவை. நீண்ட ஆயுள் உள்ளது ஒன்பது நிமிடம் வாழும், குறைந்தது இரண்டு. சைக்ளோட்ரான் என்ற ராட்சத இயந்திரம் ஓர் உலோகத் தகட்டை அடிக்கும். அடிபட்ட தகட்டில் அவை பிறக்கும். இயந்திரத்தை நிறுத்தி நாற்பது நிமிடம் வரை அந்தக் கூடத்துக்குள் யாரும் போகக் கூடாது என்பது விதி. நாற்பது நிமிடத்தில் அணுக்கரு செத்துப்போகும் என்பது இயற்கை. ஆகவே இயந்திரம் நின்ற மறுகணம் ஒருவர் உள்ளே போய், தகட்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, அறுபது மீட்டர் தள்ளியிருக்கும் எண்ணும் அறைக்கு ஓட வேண்டும்.

மலர் இதை 'பேராசிரியரின் வியக்கத்தக்க வேகம்' என்கிறது. ஓடியவர் ரெனே பூசாக். தொழில்நுட்ப உதவியாளர். இளமையில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் பரிசு வாங்கியவர். பத்தொன்பதாம் பக்கத்தில் 'உதவியாளர்கள்' என்று ஒரு சொல் வருகிறது. அதற்குள் அவர் இருக்கிறார்.

மே 14, புதன்

பேராசிரியரின் அட்டையைக் கூட்டினேன். 145 மாதங்கள். மொத்தம் பூஜ்யம்.

ரெனே பூசாக்கின் அட்டையையும் எடுத்துப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். பூஜ்யம். அவர்களுடைய குழுவின் மூன்றாவது ஆள் ஒதீல் என்ற பெண், இருபத்தொன்பது வயது. பூஜ்யம்.

தொலைபேசியில் சொன்னதும் இயக்குநர், "பூஜ்யமா! பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன்" என்றார். நான் வியப்பை உரிய அளவில் தெரிவித்துக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

காலை பத்து மணிக்கு என் ஜன்னலை யாரோ தட்டினார்கள். ரெனே பூசாக். மார்ச் மாதம் முதல் விடுப்பில் இருக்கிறார். ரத்தத்தில் ஏதோ என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நாற்பத்தாறு வயது ஆள். அவருடைய கோட்டுக்குள் வேறு யாரோ ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். மூக்கில் பஞ்சு.

பேசியது பிரெஞ்சில், என் தமிழில் எழுதுகிறேன்.

"என் அட்டைக்கு ஒரு நகல் வேணும், சவரி. நோய் வேலையில வந்ததா இல்லையான்னு ஒரு குழு உக்காந்து பாக்குதாம். உங்க எண்ணத்தான் கேக்குறாங்க."

"எப்போ கூடுது?"

"ஜூலை மொதல் வாரம். வேலையில வந்ததுன்னு ஒத்துக்கிட்டா ரத்தத்துக்குன்னே தனியா ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்காம், அங்க அனுப்புவாங்க. இல்லேன்னா எங்க ஊர் டாக்டரே போதும்னுடுவாங்க. எங்க ஊர் டாக்டர் மாட்டுக்கும் பாப்பாரு." சிரித்தார். பஞ்சு சிவந்தது.

நகலைக் கொடுத்தேன். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஓர் எண்ணைப் படிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"சரிதான்" என்றார். "பத்ரோன் (முதலாளி; பேராசிரியரை அவர் அப்படித்தான் சொல்வார்) தன் வில்லையைக் கூடத்து வாசல்ல இருக்குற பெட்டியில வச்சிட்டு உள்ள போவாரு. அவரே வைக்கிறார்னு நானும் வச்சேன். ஒதீலும் வைக்குது. பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

போகும்போது கேட்டேன், இப்போது யார் ஓடுகிறார்கள் என்று. ஒதீல்தான், ஒரு நாளைக்கு மூன்று தடவை, பன்னிரண்டாவது அணுக்கருவை ஓய்வுக்கு முன் பிடித்துவிட வேண்டுமாம் என்றார்.

மே 22, வியாழன்

ஒதீல் புதிதாக ஓட்டக் காலணி வாங்கியிருக்கிறது. சிற்றுண்டிச் சாலையில் எல்லோரிடமும் காட்டியது. நீல நிறம்.

மே 26, திங்கள்

இன்று பழைய ஃபிலிம்கள் இருக்கும் நிலவறைக்குப் போனேன். அங்கே பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. எழுதிவைக்கிறேன்.

பேராசிரியர் குழுவின் ஃபிலிம்களை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் மங்கலாக மூன்று எண்கள். பேராசிரியருடையதில் 12, 1, 2. ரெனேயுடையதில் 3, 4, 5. ஒதீலுடையதில் 6, 7, 8. மாதந்தோறும், வருடந்தோறும், அதே எண்கள்.

விளக்கம் எளிது. சைக்ளோட்ரானின் காந்தம் கடிகாரங்களைக் கெடுத்துவிடும். பேராசிரியர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, வாசல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் அப்பா முதல் உலகப் போரில் கட்டியிருந்த கடிகாரம். இருட்டில் ஒளிரும்படி எண்களை ரேடியத்தால் எழுதியது. பெட்டியில் நான்கு பள்ளங்கள். மூடினால் கடிகாரத்தின் முகம் நான்கு வில்லைகளும் சந்திக்கும் இடத்தில் வந்து படியும். ரேடியம் ஃபிலிமைக் கறுக்கவைக்கும். ஆளுக்கு மூன்று மணி.

நான்காவது பள்ளம் யாருடையது என்றால், அது சாட்சி ஃபிலிம். யாரும் அணியாத வில்லை. ஆள் மேல் படாமல், சும்மா இருந்தாலே ஃபிலிமில் எவ்வளவு படியும் என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு வாசலிலும் ஒன்று வைப்பது வழக்கம். மற்ற ஃபிலிம்களின் அளவிலிருந்து சாட்சியின் அளவைக் கழித்துத்தான் அட்டையில் எழுத வேண்டும். அதில் 9, 10, 11 விழுந்திருந்தது.

அதாவது நான் பன்னிரண்டு வருடமாகக் கடிகாரத்திலிருந்து கடிகாரத்தைக் கழித்திருக்கிறேன். விடை பூஜ்யம். கணக்கில் பிழை இல்லை.

இதை இன்றுதான் கண்டுபிடித்தேன்.

மே 30, வெள்ளி

என் மனைவி பிலோமினா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பிடித்துக்கொண்டாள். ரெனேயின் நோயையும் பெட்டியையும் சொன்னேன். திங்கட்கிழமைதான் எண்களைக் கண்டுபிடித்தேன் என்றும் சொன்னேன்.

சட்டைக் காலர் மேலேயே இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது.

"எத, அந்தக் கடியார விசயமா? அதைத்தான் இங்க வந்த மொத வருசமே சொன்னீங்களே."

"நானா?"

"பின்ன என் அப்பாவா வந்து சொன்னாரு? சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. 'பிலோ, ஃபிலிமுல மணி விழுந்திருக்கு, அஞ்சு மணிக்கு மேல ரெனேக்கு வேலை இல்ல'ன்னு. நாங்கூடக் கேட்டேன், சரிங்க, அப்ப அந்த ஆளுங்க மேல நெசமாலுமே பட்டத எந்த அட்டையில எழுதுவீங்கன்னு."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"மீன் கொழம்புல உப்பு கம்மின்னீங்க."

பிறகு மேஜை மேலிருந்த இந்த நோட்டைக் கண்ணால் காட்டினாள்.

"அதுலயும் திங்கக்கெழமதான் கண்டுபுடிச்சதா எழுதியிருக்கீங்களா?"

நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஊருக்குப் பொய் எழுதுறவங்கள பாத்திருக்கேன். யாரும் படிக்காத நோட்டுல பொய் எழுதுறவர இப்பத்தான் பாக்குறேன்."

காலர் கருகிவிட்டது. அதுவும் என் கணக்கில்தான்.

ஜூன் 3, செவ்வாய்

மே 26 அன்று எழுதியதில் கடைசி வரி பொய். அதிர்ச்சி காத்திருந்தது என்பதும் பொய். அது எனக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தது, நான்தான் போய்ப் பார்க்கவில்லை.

நடந்தது இது. 1963 ஏப்ரல். வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம். எண்களைப் பார்த்ததும் ஃபிலிமை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படிச் சிரித்தார்!

"டேய் சவரி, கெட்டிக்காரன்டா நீ. சொல்லிப்புடாதடா. சொன்னா என்னய வெளிய ஒக்கார வச்சிருவானுங்க. ரெண்டு வருசம்டா. ரெண்டே வருசம். அப்புறம் எல்லாம் ஒழுங்கா குத்திக்கிறேன், சத்தியமா."

தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார், பையன்கள் செய்வதுபோல. என் தலையில்.

அப்போது நான் நினைத்தது: அணுவைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்குத் தெரியாதது ஃபிலிம் கழுவுகிறவனுக்கா தெரிந்துவிடப் போகிறது? இது பணிவு என்றே நம்பியிருந்தேன். பணிவைப் போல வசதியான நற்குணம் வேறில்லை.

இரண்டு வருடம் முடிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பிற்பகல் அச்சகத்திலிருந்து முப்பத்தோராம் பக்கத்தின் மாதிரி வந்தது. நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூஜ்யம். அடியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ரெனேயின் நோயை விசாரிக்கும் குழுவுக்குப் போக வேண்டிய சான்றிதழும் அதே தபாலில் வந்தது. அதிலும் இடம் விட்டிருந்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை இருந்தது.

ஜூன் 9, திங்கள்

போனேன்.

பேராசிரியர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். மேஜையில் ஐந்து உறைகளை வைத்தேன்: ரெனேயின் ஃபிலிம்கள், 1963, 66, 69, 72, 75. ஐந்திலும் 3, 4, 5.

"இன்னும் இத வச்சிருக்கியாடா?" என்று சிரித்தார்.

"ரெனேக்கு ரத்தம் கெட்டுப்போச்சு, மெஸ்யே."

"தெரியும். பாவம்டா. ஆனா அது நம்ம வேலையால இல்ல. நாந்தான் அவன் பொண்டாட்டிக்கிட்ட போயிச் சொன்னேன், பயப்படாத, பூஜ்யம்னு பதிவு இருக்குன்னு."

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனப்பூர்வமாகச் சொன்னார். உறைகளை அவர் பக்கம் தள்ளினேன்.

"அது பெட்டியோட பூஜ்யம், மெஸ்யே. நீங்கதானே பெட்டியில வச்சீங்க?"

"வச்சேன்."

"கடிகாரத்தையும் நீங்கதானே மாட்டுனீங்க?"

"மாட்டுனேன்." ஆப்பிளைக் கீழே வைத்தார். "ஆனா மாசாமாசம் அட்டை வந்துச்சேடா. பூஜ்யம். பூஜ்யம். சீல் வச்சு, நீ கையெழுத்துப் போட்டு. மொத வருசம் பாத்துச் சிரிச்சேன். ரெண்டாவது வருசமும் சிரிச்சேன். அப்புறம்... எப்பன்னு தெரியலடா. நம்பிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு நான் எழுதிக்கிட்டே இருந்தேன்."

"ஒனக்குத் தெரியாம எழுதுவியான்னு நான் படிச்சிக்கிட்டே இருந்தேன்."

தன் மாணவர்களிடம் எந்தக் கருவியையும் நம்பாதே, முதலில் அது எதை அளக்கிறது என்று கேள் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர். மலரில் ஏழாம் பக்கத்தில் இது மேற்கோளாகவே இருக்கிறது.

வெளியே மணி அடித்தது. இயந்திரம் நின்றதற்கான மணி. ஜன்னல் வழியாக நீலக் காலணி ஓடுவது தெரிந்தது. இடுக்கியை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, அழகாக ஓடுகிறது அந்தப் பெண்.

பேராசிரியர் ஜன்னலைத் திறந்து கத்தினார். பிரெஞ்சில் இல்லை. "நில்லுடி! அங்கேயே நில்லு!" அதற்கு எப்படிப் புரியும்? எண்ணும் அறைக்குள் ஓடிப்போய்விட்டது.

மே 20 முதல் இன்று வரை நான் பேசாமல் இருந்தது பதினான்கு வேலை நாள். நாளுக்கு மூன்று ஓட்டம். பெருக்கல் எனக்கு நன்றாக வரும்.

ஜூன் 10, செவ்வாய்

பேராசிரியர் ஒதீலை விடுப்பில் அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். காலையில் என் ஜன்னலுக்கு வந்து புது வில்லை ஒன்று கேட்டார். நானே அவர் கோட்டில் குத்திவிட்டேன்.

"எட்டு நாள்டா. ரெனே செஞ்சத அப்படியே செய்றேன். அதே தகடு, அதே நேரம், அதே தூரம். அவனுக்கு என்ன பட்டுச்சுன்னு யாராச்சும் அளக்கணும்ல?"

"உங்களுக்கு அறுபத்துமூணு வயசு, மெஸ்யே."

"அதான் நான்."

ஜூன் 11, புதன்

பேராசிரியர் ஓடுகிறார். மூன்று தடவை.

ஜூன் 13, வெள்ளி

மூன்று தடவை. இரண்டாவதில் விழுந்து எழுந்தார். ரெனே ஒரு நாளும் விழுந்ததில்லை, ஆகவே அந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார்.

பிலோமினா கோழி சூப் கொடுத்தனுப்பினாள். "அந்த ஆளுக்கு. ஒங்களுக்கு இல்ல."

ஜூன் 17, செவ்வாய்

மூன்று தடவை. இயக்குநர் தன் ஜன்னலிலிருந்து பார்த்தாராம். ஓய்வு பெறும் வயதில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று வியந்து, மலரில் ஒரு புகைப்படம் சேர்க்க முடியுமா என்று கேட்டாராம். என் கையெழுத்துக்குக் காத்திராமலே அச்சாகிவிட்டது, முடியாது.

ஜூன் 20, வெள்ளி

நேற்றோடு எட்டு நாள் முடிந்தது. இன்று காலை இருட்டறைக்கு அவரும் வந்தார். சிவப்பு விளக்கின் கீழ் கரைசல் தொட்டிக்குள் ஃபிலிமை இறக்கினேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் மூச்சில் ஆப்பிள் வாசனை.

வழக்கமாக நான்கு நிமிடம் ஆகும். அரை நிமிடத்திலேயே கறுக்கத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் முழுவதும் கறுத்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்தக் குழுவின் ஃபிலிம் கறுத்து நான் பார்த்ததில்லை. இடுக்கியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன்.

"மணியக் காணோமேடா" என்றார் மெதுவாக.

"கடிகாரம் பெட்டியில இருந்துச்சு. இது உங்க மேல இருந்துச்சு."

அளந்தேன். ஒரு மனிதருக்கு ஒரு வருடத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் பாதி. எட்டே நாளில்.

அவர் பிரெஞ்சில் வாய்க்குள் பெருக்கினார்: நாட்கள், மாதங்கள், பன்னிரண்டு வருடம். அவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறவரை நான் கண்டதில்லை. விடை வந்ததும் சுவரில் கைவைத்துக்கொண்டார். விடையை என்னிடம் சொல்லவில்லை. நான் ஏற்கனவே போட்டிருந்தேன், கேட்கவும் இல்லை.

பிறகு தாள் கேட்டார். நோயை விசாரிக்கும் குழுவுக்கு எழுதினார்: இந்த ஃபிலிம் தன்னுடையது, இந்த வேலை ரெனே பூசாக்குடையது, அட்டையில் இருக்கும் பூஜ்யம் ஒரு பெட்டியுடையது. கையெழுத்துப் போட்டார். அடியில் நானும் எழுதினேன்: 1963 ஏப்ரல் முதல் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். பேனாவில் மை இருந்தது.

வாசலில் நின்று கேட்டார். காரைக்கால் துறைமுகத்தில் எதையோ உடைத்துவிட்ட பையனின் குரல்.

"ரெனேகிட்ட யாருடா சொல்றது?"

"குழு முடிவு வரட்டும். நான் போறேன்."

ஜூன் 23, திங்கள்

இயக்குநர் இரண்டு கையெழுத்துகளையும் படித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "கடிகாரம் ஆய்வகத்தின் சொத்தா, தனிப்பட்டதா?"

மாலைக்குள் நிர்வாகம் மின்னல் வேகத்தில் செயல்பட்டது. கூடம் 'பராமரிப்புக்காக' மூடப்பட்டது. எல்லாக் கதவுகளிலும் சுற்றறிக்கை ஒட்டினார்கள்: வில்லைப் பெட்டிகளுக்குள் கைக்கடிகாரம் வைப்பது இன்று முதல் தடை. வில்லைகளைப் பெட்டிக்குள் வைப்பது பற்றி அதில் எதுவும் இல்லை.

என் மேல் விசாரணை உண்டு, செப்டம்பரில். அதற்கான படிவத்தில் குற்றத்தின் வகையை நானே குறிக்க வேண்டும். மூன்று கட்டங்கள்: தாமதம், ஃபிலிம் தொலைந்தது, ஃபிலிமில் வெளிச்சம் புகுந்தது. பொய் என்று கட்டம் இல்லை. வெகுநேரம் யோசித்து 'தாமதம்' என்பதில் குறியிட்டேன்.

மலர் நானூறு பிரதி அச்சாகிக் கட்டியாகிவிட்டது. பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட முடிவு. வாசகம்: 'பக்கம் 31: எண்ணைத் தவிர்த்து வாசிக்கவும்.' ஒட்டும் பொறுப்பு எனக்கு.

ஜூன் 25, புதன்

இரண்டு நாளாக வீட்டு மேஜையில் நானூறு சீட்டு. நான் பசை தடவ, பிலோமினா ஒட்டினாள். இருநூறு தாண்டியதும், "நேரா ஒட்டுனா மட்டும் என்ன" என்றாள். ஆனாலும் நேராகத்தான் ஒட்டினாள்.

ஜூன் 27, வெள்ளி

விழா. பூங்கொத்துகள், மது, அமைச்சகத்திலிருந்து ஒருவர். பேராசிரியர் எழுந்து மலரைப் பிரித்தார்.

"பத்தொன்பதாம் பக்கத்தில் 'உதவியாளர்கள்' என்று இருக்கிறது. அவர் பெயர் ரெனே பூசாக். பதினோரு அணுக்கருக்களையும் வெளியே கொண்டுவந்தவர் அவர். நான் எண்ணினேன், அவ்வளவுதான்."

அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"முப்பத்தோராம் பக்கத்து எண் தவறு. என் அளவு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அமைச்சக ஆள் பக்கத்திலிருந்தவரிடம், விஞ்ஞானிகளின் நகைச்சுவையே தனி என்றார். பேராசிரியர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தட்டல் ஓயவில்லை. அரங்கத்தில் கடைசி வரிசையில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நான் கைதட்டவில்லை. அந்த அறையில் அவருக்கு என்னால் முடிந்த மரியாதை அது.

ஒதீல் வரவில்லை. வெள்ளை அணுக்கள் குறைவாம். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

ஜூலை 11, வெள்ளி

குழு ஒத்துக்கொண்டது. நோய் வேலையில் வந்தது. கடிதத்தோடு நானே போனேன். ரெனேயை நான்கு நாள் முன்பே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, பேராசிரியரும் பரிசோதனைக்குப் படுத்திருக்கிறார். தினமும் மாடியேறி வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். இரண்டு மாதம் முன்பே மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மருத்துவர் தாழ்வாரத்தில் சொன்னார். இரண்டு மாதம் முன்பு என்றால் மே. மேயில் ஒருவர் என் ஜன்னலைத் தட்டினார்.

ரெனே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தனியாக இருந்தார். எனக்கு முகமூடியும் அங்கியும் கொடுத்து உள்ளே விட்டார்கள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். கடிகாரத்தைப் பற்றியும், எண்களைப் பற்றியும், சாட்சி ஃபிலிமைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தைகள் வரிசையாக வந்தன. அதுவே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எனக்கு எந்த மணி?" என்றார்.

"மூணு, நாலு, அஞ்சு."

சிரிப்பது போல உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"ஒவ்வொரு மாசமும் தெரிஞ்சுதா, சவரி?"

முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது. பூஜ்யம் என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

"ஒவ்வொரு மாசமும்" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையைக் காட்டித் தண்ணீர் கேட்டார். தம்ளரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார், பாதியைச் சிந்தினார், மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.